சோமனூரில் அணைந்த தீயைத் தேடி

மலேசியாவில், பட்டர்வொர்த்தில் நான் வேலை பார்க்கும் நிறுவனம் பினாங்கு ஹோட்டல்களுக்குப் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் விற்கிறது. அதற்கான துணியில் ஒரு பகுதி கோயம்புத்தூருக்குக் கிழக்கே, சோமனூர் பக்கத்தில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் நெய்யப்படுகிறது. சில வாரங்களுக்கு முன் அந்தக் கூடத்தில் தீப்பிடித்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஒரு பெண்ணுக்கு மட்டும் வலது கையில் தீக்காயம். நான் எங்கள் நிறுவனத்தில் பாதுகாப்பு அதிகாரி, அதோடு தமிழ் தெரிந்தவள். "என்ன நடந்தது என்று பார், அடுத்த முறை நடக்காமலிருக்க என்ன செய்யலாம் என்று எழுதிக்கொண்டு வா" என்று மேலாளர் அனுப்பிவைத்தார். தீ அணைந்த பிறகு ஒரு ஊருக்குப் போவது எனக்கு இதுதான் முதல் தடவை.

விமான நிலைய வாசலில் என் பெயரை அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு நின்றவரை டிரைவர் என்று நினைத்தேன். பெட்டியை வாங்கி வண்டியில் வைத்தார், கதவைத் திறந்துவிட்டார், ஓட்டவும் செய்தார். பாதி வழியில்தான் அவர் தறிக்கூடத்து முதலாளி பொன்னுசாமி என்று தெரிந்தது. ஐம்பதைத் தாண்டிய மனிதர், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை.

"டிரைவர அனுப்பினா மரியாதையா இருக்காதுங்க" என்றார். பிறகு, "உங்களுக்குப் பூர்வீகம் எந்த ஊருங்க?"

"தெரியலைங்க. சேலம் பக்கம்னு அத்தை சொல்வாங்க. அம்மா திருச்சிம்பாங்க."

"அப்ப நடுவால நாமக்கல்லுன்னு வெச்சுக்குவோம். நம்ம பக்கந்தானுங்க" என்று என் குடும்பத்து வழக்கை ஒரே வரியில் முடித்துவைத்தார்.

வீட்டு மாடியில் எனக்கு அறை தயார் என்றார். விபத்தை விசாரிக்க வந்தவள் முதலாளி வீட்டில் தங்கினால் தொழிலாளர்கள் வாய் திறக்க மாட்டார்கள் என்று சொல்லி, காந்திபுரத்தில் ஒரு லாட்ஜில் இறக்கிவிடச் சொன்னேன். அவர் பேச்சில் 'ங்க' குறையவில்லை, பேச்சுதான் குறைந்துவிட்டது. ஆனாலும் இருட்டும் நேரத்தில் லாட்ஜ் வரவேற்பறையில் ஒரு டிபன் கேரியர் எனக்காகக் காத்திருந்தது. அரிசியும்பருப்பு சாதம், மேலே உருகிய நெய், கீழடுக்கில் கத்தரிக்காய் குழம்பு, தனிக் கிண்ணத்தில் தயிர். எங்கள் ஊரில் தேங்காய்ப்பாலில் வேகவைத்த சாதத்தை வாழையிலையில் பொட்டலம் கட்டிக் காலையில் விற்பார்கள். அதைச் சாப்பிட்டு வளர்ந்த எனக்கு, பருப்பும் சின்ன வெங்காயமும் சேர்ந்து வெந்த இந்தச் சாதம் தூரத்துச் சொந்தம் போலிருந்தது. திருப்பியனுப்ப மனம் வரவில்லை. எங்கள் நிறுவனத்தின் அன்பளிப்பு விதிமுறைகளில் அரிசியும்பருப்பு பற்றி ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

மறுநாள் காலை, கார் வேண்டாம், பஸ்ஸிலேயே வருகிறேன் என்று வீராப்பாகக் கிளம்பினேன். கோயம்புத்தூர் தனியார் பஸ்ஸில் பாட்டுச் சத்தம் ஓட்டுநரின் ஹாரனோடு போட்டி போடுகிறது. நான் உட்கார்ந்திருந்த இருக்கையே தாளம் போட்டது. சோமனூருக்கு வழி பிரியும் கருமத்தம்பட்டி நெருங்கியபோது பஸ் மேம்பாலத்தில் ஏறி, நிற்காமல் போனது. பதறிப்போய்க் கண்டக்டரைக் கூப்பிட்டேன்.

"சோமனூருங்களா? இது மேல போற வண்டிங்களே!"

"ஏறும்போது கேட்டேனே?"

"சோமனூர் பக்கம் போகுமான்னு கேட்டீங்க. பக்கம் போச்சுங்களே" என்றார் கொஞ்சமும் சிரிக்காமல். அடுத்த இறக்கத்தில் நிறுத்தி, எதிர்ச்சாரியில் எங்கே நிற்கவேண்டும் என்று கையைக் காட்டிச் சொல்லிவிட்டுத்தான் விசில் அடித்தார்.

எதிர்ச்சாரியில் பஸ் எதுவும் நிற்கவில்லை. நூல் மூட்டை ஏற்றிய டெம்போ ஒன்று நின்றது. பொன்னுசாமியின் கூடத்துக்கு என்றேன். "ஏறுங்க அம்மணி, அந்தக் கூடத்துக்குத்தான் நூல் போகுது" என்றார் ஓட்டுநர். வழியெல்லாம் சாலையின் இருபுறமும் வீடுகளுக்குள்ளிருந்து தறிச்சத்தம். ஒரு ஊரே ஒரே நேரத்தில் கை தட்டுவது போலிருந்தது. தலையெல்லாம் பஞ்சோடு போய் இறங்கிய என்னைப் பார்த்ததும் பொன்னுசாமி துண்டு ஒன்றை நீட்டினார்.

நீளமான கூடம் அது. முன்வாசல் தார் ரோட்டைப் பார்த்தது. பின்வாசல் வெளிமாநிலத் தொழிலாளர்கள் தங்கும் வரிசை வீடுகளைப் பார்த்தது. நடுவில் கழிவுப் பஞ்சு போட்டுவைக்கும் அறை. தீ பிடித்தது அங்கேதான். அந்த அறையும் அதை ஒட்டிய சில தறிகளும் கரியாகிக் கிடந்தன. மிச்சத் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன.

வேலை முடித்த ஷிப்ட்காரர்களை வெளியே வேப்பமரத்தடியில் உட்காரவைத்து, "யாரு தப்புன்னு கண்டுபிடிக்க நான் வரலை. அன்னைக்கு என்ன நடந்துச்சு, அடுத்த தடவை எப்படி நல்லா செய்யலாம், அவ்வளவுதான்" என்றேன். மரியாதையாகத் தலையாட்டினார்கள். ஒருவர்கூட நம்பவில்லை என்பது தெரிந்தது. ஒவ்வொருவரும் ஒரே கதையை ஒரே வரிசையில் சொன்னார்கள். மதியம் புகை வந்தது, மேஸ்திரி நடராஜ் மெயின் சுவிட்சை அணைத்தார், எல்லோரும் வெளியே ஓடினோம், ஒரிசாப் பெண் உள்ளே மாட்டிக்கொண்டதாக நினைத்து செல்வி திரும்ப உள்ளே போய்க் கையைச் சுட்டுக்கொண்டாள், தீயணைப்பு வண்டி வந்து அணைத்தது. பாடம் ஒப்பிப்பது போல இருந்தது.

அடுத்து ஓடுகிற ஷிப்டைப் பார்க்க உள்ளே போனேன். நானும் நடராஜும் காதோடு காதாகக் கத்திக்கொண்டிருந்தபோது சட்டென்று கரண்டு போனது. தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அந்த அமைதி காதை அடைத்தது. தறிக்காரர்கள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தார்கள். ஒருத்தி தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். ஒருவர் செல்போனை எடுத்தார். வாசல் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை.

எனக்கு ஏதோ உறைத்தது. பக்கத்திலிருந்த பெண்ணிடம் கேட்டேன். "அன்னைக்கும் இப்படித்தான் உக்காந்தீங்களா?"

"ஆமாங்க. தறி நின்னுது. கரண்டு போயிருச்சுன்னு உக்காந்துட்டோம். பொறவுதான் பொகையப் பாத்தோம்."

நடராஜ் அவளையே பார்த்தார். "நான் மெயின அணைச்சதே உங்களுக்குத் தெரியோணும்னுதான புள்ள!"

"எங்களுக்கு எப்படிங்க தெரியும்? தெனமும் போகுதே!"

அவர் செய்தது சரியான காரியம். மின்சாரத்தை நிறுத்தாவிட்டால் சேதம் இன்னும் பெரிதாகியிருக்கும். ஆனால் அவருக்கு அது எச்சரிக்கை, இவர்களுக்கு அது ஓய்வு. இத்தனை நாளும் இருவருக்கும் அது தெரியாமலே இருந்திருக்கிறது. அன்று எனக்குக் கிடைத்த முதல் உண்மை அதுதான். கேள்வி கேட்டுக் கிடைக்கவில்லை, கரண்டு போனதால் கிடைத்தது. எங்கள் ஊரில் கரண்டு போவது அபூர்வம். அபாய மணி அடித்தால் கீழே இறங்கி நின்று தே தாரிக் என்ற நுரைத்த பால் தேநீர் குடிக்கப் போகலாமா என்று பார்ப்போம். இங்கே நிலைமை வேறு. எங்கள் ஊர்த் திட்டத்தை அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தால் அது சுவரில் தொங்க மட்டுமே பயன்பட்டிருக்கும்.

புதன்கிழமை செல்வியின் வீட்டுக்குப் போனேன். சோமனூர் கடைவீதிக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. வலது கை முழங்கைவரை கட்டு. நாற்பது வயதிருக்கும், கூர்மையான கண்கள். அவர் கணவர் சந்தகை பிழிந்துகொண்டிருந்தார். மூன்று கால் அச்சின் பிடியைச் சுற்றச் சுற்ற, வெந்த அரிசிமாவு நூல் நூலாகத் தட்டில் விழுந்தது. "இத்தன நாளா நாந்தான் பிழிவேன். இப்பத்தான் இவருக்குத் தெரியுது அது என்ன பலம் கேக்கும்னு" என்றார் செல்வி. கணவர் பதில் சொல்லும் நிலையில் இல்லை, மூச்சு வாங்கினார். பினாங்குத் தெருக்களில் இதன் தங்கையைப் புத்து மாயாம் என்று பழுப்புச் சர்க்கரை தூவி விற்பார்கள். இங்கே தேங்காய்ப்பாலும் வெல்லமும். மூன்று தட்டு சாப்பிட்டேன்.

அலமாரியில் மடித்துவைத்த பொன்னாடை ஒன்று பளபளத்தது. பொன்னுசாமி கூட்டம் கூட்டி அவருக்குப் போர்த்தியது.

"எல்லாரும் கை தட்டினாங்க. போட்டோ புடிச்சாங்க. வீராங்கனைன்னு சொன்னாங்க. ஆனா ஏன் உள்ள போனேன்னு ஆருமே கேக்கலீங்க" என்றார் செல்வி.

"ஏன் போனீங்க?"

"ரோட்டுல நின்னுட்டு இருந்தோம். 'அந்த ஒரிசாப் புள்ள உள்ளதான் இருக்குது'ன்னு ஒரு கொரல் கேட்டுது. அவ மொதல்ல என்ற பக்கத்துத் தறில இருந்தவ. மமதான்னு பேரு, என்ற மக வயசு. நான் வேற ஒண்ணும் நெனைக்கல, போயிட்டேன். உள்ள கண்ணே தெரியல. பேரச் சொல்லிக் கூப்புட்டுட்டே போறேன், பதிலே இல்ல. சூடான தறிச் சட்டத்துல கைய வெச்சுட்டேன். ஆரோ என்னைய வெளிய இழுத்தாங்க." கொஞ்சம் நிறுத்தி, "அவ பின்னால பத்திரமா நின்னுட்டு இருந்திருக்கா. எனக்கு அவ மேல கோவம் இல்லீங்க. ஆனா இப்ப ஊரே அவளாலதான் என்ற கை போச்சுங்குது."

"அந்தக் குரல் யாருது?"

"ஆம்பளக் கொரலுங்க. திரும்பிப் பாக்கல."

அன்று பிற்பகல் வரிசை வீடுகளில் மமதாவைப் பார்த்தேன். ஒடிசாவில் உள்ளே தள்ளிய ஒரு கிராமம். இங்கே வந்து இரண்டு வருடத்தில் தமிழ் பழகியிருக்கிறாள், அதுவும் கொங்குத் தமிழ். இந்த வட்டாரத்து மரியாதை அவள் தப்புத் தமிழிலும் ஒட்டியிருந்தது. ஒரு பை பாதி கட்டிய நிலையில் கிடந்தது.

"நான் ஊருக்குப் போறேனுங்க. எல்லாரும் என்னைப் பாக்கறாங்க. செல்வியக்கா ஊட்டுக்குப் போக பயமா இருக்குதுங்க." அடுத்த அறை வாசலில் உட்கார்ந்திருந்த வயதான பெண் ஒடியா மொழியில் ஏதோ சொன்னார். என்ன சொல்கிறார் என்று கேட்டேன். "நான் போனா மத்தவங்களுக்கு நல்லதுன்னு சொல்றாங்க. இல்லைன்னா எல்லாரையும் அனுப்பிருவாங்களாம்" என்றாள், குரலில் எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல்.

அன்று அவள் எப்படி வெளியே வந்தாள் என்று கேட்டேன். பின்வாசல் வழியாக என்றாள். அதற்கு மேல் கேட்டபோது கை விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதையோ சொல்லாமல் விடுகிறாள் என்று புரிந்தது. வற்புறுத்தவில்லை. வெள்ளிக்கிழமை எல்லோரையும் கூட்டுகிறேன், அதுவரை மட்டும் இரு என்று கேட்டுக்கொண்டேன்.

வியாழக்கிழமை நானும் நடராஜும் கோயம்புத்தூர் டவுன்ஹால் பக்கம், தீயென்றால் மட்டும் அடிக்க ஒரு மணி வாங்கப் போனோம். எனக்கு மின்சார சைரன் மனதில் இருந்தது. குறுகலான சந்தில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த பாய், நாங்கள் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு நடராஜிடம், "மெயின அணைச்ச பொறவு சைரன் எதுல ஓடும்ங்க?" என்றார். நடராஜ் என்னைப் பார்த்தார். நான் பாட்டரி என்றேன். "பாட்டரிய ஆரு மாத்துவாங்க? மொத வருசம் மாத்துவீங்க" என்று சிரித்துவிட்டு, ஆள் உயரத்தில் கட்டித் தொங்கவிடும் வெண்கல மணியைக் காட்டினார். பேரம் நடராஜின் வேலை, நான் ஒதுங்கிக்கொண்டேன். பாய் விடவில்லை. தன் தம்பியின் கடையில் பிரியாணி சாப்பிட்டுத்தான் போகவேண்டும் என்று கோட்டைமேட்டுக்கு ஆள் சேர்த்து அனுப்பினார். சீரகச் சம்பா அரிசி, பூப்போல. திரும்பும்போது மணி நடராஜின் மடியில் இருந்தது. பஸ் குலுங்கும்போதெல்லாம் அது ஒலிக்க, முன்சீட்டுக்காரர் கோயில் கட்டுகிறீர்களா என்று கேட்டார்.

அந்தப் பயணத்தில்தான் நடராஜ் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "பின்கதவ எப்பவும் பூட்டித்தானுங்க வெச்சிருப்போம். துணி களவு போகுதுன்னு" என்றார்.

"அன்னைக்கு?"

"தொறந்திருந்துச்சு. எப்படின்னு எனக்கே தெரியலீங்க."

வெள்ளிக்கிழமை தறிகளை நிறுத்திவிட்டு அனைவரையும் வரச் சொல்லியிருந்தேன். செல்வியும் வந்தார். மமதா கடைசியில் நின்றாள். நான் கேட்டது ஒன்றே ஒன்று. புகையைப் பார்த்தபோது நீங்கள் நின்ற இடத்தில் போய் நில்லுங்கள், பிறகு அன்று நடந்தபடியே நடங்கள். ஓடவேண்டாம், நடந்தால் போதும்.

முதலில் சிரிப்பு. பிறகு நடக்க நடக்கச் சிரிப்பு அடங்கியது. கழிவுப் பஞ்சு அறைக்கு இந்தப் பக்கம் இருந்த உள்ளூர்க்காரர்கள் முன்வாசல் வழியாக ரோட்டுக்குப் போனார்கள். அந்தப் பக்கம் இருந்த ஒடிசாக்காரர்கள் பின்வாசல் வழியாக வரிசை வீட்டு முற்றத்துக்குப் போனார்கள். நடுவில் முழுக் கூடமும் காலியாகக் கிடந்தது. ரோட்டில் நின்றவர்களுக்கு முற்றம் தெரியவில்லை, முற்றத்தில் நின்றவர்களுக்கு ரோடு தெரியவில்லை. இரண்டு கூட்டமும் மற்றது உள்ளே வேகிறது என்று நினைத்திருக்கிறது. எல்லோரையும் திரும்ப உள்ளே அழைத்து இதைச் சொன்னேன்.

பொன்னுசாமியிடம் திரும்பினேன். "நீங்க எங்க நின்னீங்க?"

"கேட்டுக்குப் பக்கத்துல. தீயணைப்புக்குப் போன் போட்டுட்டு இருந்தேன்."

"போன் பேசி முடிச்ச பிறகு?"

அவர் வேட்டி முனையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"நாந்தானுங்க சொன்னேன். அந்தப் புள்ள உள்ள இருக்குதுன்னு. காலைல அது கழிவு ரூம்புகிட்ட நின்னத பாத்திருந்தேன். வெளிய எங்கயும் காணோம். வாய்ல வந்துருச்சு." செல்வியைப் பார்த்தார். "நான் போயிருக்கோணும். நான் சொல்லிப்போட்டு நின்னேன், நீ போயிட்ட. பொன்னாடை போத்தறப்பவும் சொன்னது நாந்தான்னு வாயத் தொறக்கல செல்வி. ஆருக்கும் தெரியல."

"தெரிஞ்சிருந்தா அந்தப் புள்ளயையாவது ஊரு வாய்ல போடாம இருந்திருக்கலாமுங்க" என்றார் செல்வி. அதில் மன்னிப்பும் இல்லை, சண்டையும் இல்லை.

முதலாளியே சொன்ன பிறகு மற்றவர்களுக்கு ஒளிக்க என்ன இருக்கிறது? நடராஜ் பின்கதவுப் பூட்டைப் பற்றி எல்லோர் முன்னிலும் சொன்னார். அப்போதுதான் மமதா முன்னே வந்தாள்.

"பூட்டு நான் தொறந்தேனுங்க. மழ வர்ற மாதிரி இருந்துச்சு. கொடில துணி இருந்துச்சு. ஆணில சாவி தொங்குச்சு. கேக்காம எடுத்துட்டேன். திரும்பப் பூட்ட மறந்துட்டேன்." அழுகை வந்துவிட்டது. "கதவு தொறந்ததாலதான் காத்து வந்து தீ பெருசாச்சுன்னு சொல்லுவாங்கன்னு பயந்துட்டேனுங்க."

அவளிடம் பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை. "காத்தும் அந்த வழியா வந்திருக்கலாம்மா. ஆனா ஆளுங்களும் அந்த வழியாத்தான் போனாங்க."

அந்தப் பக்கத்துத் தறிகளில் வேலை செய்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்று அந்தக் கதவு பூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. காயப்போட்ட துணியைக் காப்பாற்றப் போன ஒரு பெண்ணால் அத்தனை பேர் உயிரோடிருக்கிறார்கள். யாரும் சாகவில்லை என்று என் மேலாளரிடம் எவ்வளவு சுலபமாகச் சொல்லியிருந்தேன்! அது திட்டத்தால் வந்ததல்ல, மழை மேகத்தால் வந்தது.

செல்வி எழுந்துபோய்க் கட்டுப் போட்ட கையோடு மமதாவின் தோளை அணைத்துக்கொண்டார். "உன்னால எரியல கண்ணு. உன்னையத் தேடிப் போனேன். நீ இல்லாத எடத்துல தேடிப்போட்டேன், அவ்வளவுதான்."

மிச்சமிருந்த வேலை, இரண்டு கூட்டமும் ஒரே இடத்தில் வந்து சேர வழி செய்வது. பின்முற்றத்திலிருந்து முன்பக்கத்துக்கு வரவேண்டுமானால் பக்கத்துத் தென்னந்தோப்பு வழியாகத்தான் வரமுடியும். நடுவில் கம்பி வேலி. தோப்பு பொன்னுசாமியின் பங்காளி குமாரசாமியுடையது. வரப்புத் தகராறில் இரண்டு வீட்டுக்கும் பேச்சே இல்லை.

"அவன்கிட்ட நான் போயிக் கேக்கறதா?" என்றார் பொன்னுசாமி. பிறகு அவரே செருப்பை மாட்டிக்கொண்டு தோப்பைச் சுற்றி நடந்தார். நெடுநேரம் ஆளைக் காணோம். திரும்பி வந்தபோது கூடவே ஒல்லியான ஒருவர், ஒரு கையில் கம்பி வெட்டும் குறடு, மறு கையில் இளநீர்க் குலை.

குமாரசாமி எனக்கு ஓர் இளநீரைச் சீவிக் கொடுத்துவிட்டுத்தான் பேசினார். "நெருப்பு எரியறப்ப நான் தோப்புக்குள்ளதான் நின்னனுங்க. இந்தப் பசங்க எல்லாம் முத்தத்துல நிக்கறத பாத்துட்டேதான் இருந்தேன். அந்தப் புள்ளயும் நின்னுச்சு. அக்கட்ட போயி 'எல்லாரும் இங்க இருக்காங்கடா'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். பேச்சு வார்த்த இல்லாத ஊட்டுல போயி எப்படிச் சொல்றதுன்னு நின்னுட்டேன்."

பொன்னுசாமி அவரைப் பார்க்காமல் குறடை வாங்கி முதல் கம்பியை வெட்டினார். இரண்டாவதை குமாரசாமி வெட்டினார்.

சாயங்காலம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார் பொன்னுசாமி. "இதெல்லாம் எழுதுவீங்களாங்க? நான் சொன்னது, கதவு, பங்காளி சங்கதி எல்லாம்?"

"பேரு எழுத மாட்டேன். நடந்ததை எழுதுவேன்."

"ஆர்டர் நிக்குமுங்களா, போயிருமுங்களா?"

"அது என் கையில இல்லைங்க. ஆனா பூட்டுன கதவை மறைச்சு எழுதினா அடுத்த தடவை ஆள் நிக்காது."

அவர் தலையை ஆட்டினார். சம்மதமா, வருத்தமா என்று எனக்குப் பிடிபடவில்லை. நான் ஊர் திரும்பி எழுதிய அறிக்கையில் அந்த வாரத்தில் கேட்ட எல்லாமே இருந்தன. ஆர்டரைக் குறைக்கவேண்டும் என்று நிறுவனத்தில் சிலர் சொன்னார்கள். ஒத்திகை நடந்ததற்கான குறிப்பைக் காட்டியபின் அப்படியே தொடரலாம் என்று முடிவானது. அது பிறகு நடந்தது.

ஒத்திகை சனிக்கிழமை. மணியை நடுக்கூடத்தில் கட்டியிருந்தார்கள். பின்கதவில் பூட்டு இல்லை, உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் தாழ்ப்பாள். தறி நின்றால் உட்காரலாம், மணி அடித்தால் போகவேண்டும் என்பதுதான் புது வழக்கம். கூடும் இடம் முன்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து வெற்றுத்தரை.

முதல் முறை சொதப்பல். தறி நின்றது, மணி அடித்தது. பாதிப் பேர் பழக்கதோஷத்தில் ரோட்டுக்கே போனார்கள். இரண்டு பெண்கள் செருப்புத் தேடித் திரும்பிப் போனார்கள். பொன்னுசாமி மேசையில் மறந்த போனை எடுக்க அலுவலகத்துக்குள் ஓட, "ஏனுங் மொதலாளி, எரிஞ்சு போயிட்டீங்க!" என்று யாரோ கத்த, கூட்டமே சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே வெறுங்கையோடு வந்தார்.

இரண்டாவது முறை சரியாக வந்தது. புதிதாக வெட்டிய வேலி வழியாக, தென்னை மரங்களுக்கு நடுவில் ஒடிசாக்காரர்கள் வரிசையாக வந்தார்கள். குமாரசாமி ஓரமாக நின்று, மட்டை தடுக்கிவிடாமல் காலால் தள்ளிக்கொண்டிருந்தார். பெயர் கூப்பிடும் பொறுப்பை மமதாவிடம் கொடுக்கலாம் என்றவர் செல்வி. ஊருக்குப் போகிறாயா என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஒடியா எழுத்தில் பெயர்களை எழுதிவைத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டித் திண்டில் ஏறி நின்றாள்.

தமிழ்ப் பெயர்களை அவள் உச்சரித்த விதத்துக்குச் சிலர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஆனால் ஒவ்வொருவரும் பதில் சொன்னார்கள். செல்வி, "இருக்கேன் கண்ணு" என்றார். நடராஜ் கையைத் தூக்கினார். கடைசிப் பெயருக்கு வந்தவள் தயங்கி என்னைப் பார்த்தாள், செல்வியைப் பார்த்தாள். பெயர்களில் தன்னுடையதும் இருக்கவேண்டும் என்று முதலாளியே சொல்லியிருந்தார். அந்த வட்டாரத்தில் முதலாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாரும் இல்லை.

"பொன்னுசாமி..." என்று ஆரம்பித்து, பயந்துபோய், "...ங்க" என்று சேர்த்துக்கொண்டாள்.

கூட்டத்தின் பின்வரிசையில், வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்ற பொன்னுசாமி, பள்ளிக்கூடத்துப் பையனைப் போலக் கையை உயர்த்தினார்.

"உள்ளேனுங்க அம்மணி."